பல்பு கரண்டைத் தின்றுவிடுமா?

பல்பைத் தாண்டினால் கரண்ட் குறைந்துவிடும் என்றுதான் முதலாண்டு பொறியியல் மாணவர்கள் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஓம் விதியில் கணக்கு கொடுத்தால் மட்டும் விடை சரியாக வந்துவிடும்!

இந்த வாரம் கரும்பலகையை விட்டுவிட்டு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' மின்சுற்று சிமுலேஷனைத் திறந்தேன். (நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம். இலவசம்.) பேட்டரி, வயர், பல்பு என்று இழுத்துப் போட்டு இணைத்தால், எலெக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஓடும். பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகம். மின்தடையைக் கூட்டினால் சுற்று முழுக்க ஒரேயடியாக மந்தமாகும். அதைப் பார்த்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ பல்பு எதைத்தான் சார் எடுத்துக்குது?" என்றான். ஆற்றலைத்தான்! அதைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? அப்புறம் ஆளாளுக்கு பேட்டரியை ஷார்ட் பண்ணித் திரையில் தீ வைத்தார்கள், அது தனிக்கதை.

சிமுலேஷனில் பழகியவர்கள், ஆய்வகக் கருவிகளில் பழகியவர்களைவிட நிஜச் சுற்றையும் நன்றாக இணைத்தார்கள் என்று ஃபெட் குழுவே 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இருக்கட்டும். பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் துளைப் பலகை) ஒரு லூஸ் கனெக்‌ஷனைத் தேடி அலையும் எரிச்சலைத் திரை தராது. அதுவும் பழக வேண்டியதுதான்; அதனால் லேப் நேரத்தைக் குறைக்கலாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.