கம்பன் எடுத்ததும் வைத்ததும்

பிப்ரவரி 3

வால்மீகி சொல்லி முடித்த கதையை மறுபடி பாடிய கம்பனை எப்படிச் சுயமான படைப்பாளி என்று கொள்வது என்று இன்று இலக்கிய வட்டத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார். தொல்காப்பிய மரபியல், முந்தைய நூலைப் பின்பற்றி எழும் வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று நான்கு நெறிகளை வகுத்திருக்கிறது. முன்னோர் பொருளை எடுத்தாள்வது குற்றம் என்னும் எண்ணம் அங்கே இல்லை. கம்பனும் தேவபாடையில், அதாவது வடமொழியில், இக்கதையைச் செய்த மூவருள் முந்தியவராகிய வால்மீகியின் உரைப்படியே பாடுவதாகப் பாயிரத்தில் வெளிப்படையாகச் சொல்கிறான். எடுத்தானா என்பதைவிட, எடுத்ததை எங்கே வைத்தான் என்பதே கேட்கத் தக்க கேள்வி.

பிப்ரவரி 5

அந்தக் கேள்வியோடு மிதிலைக் காட்சிப் படலத்தைப் படித்தேன். வால்மீகியில் வில் முறியும் முன்பு இராமனும் சீதையும் சந்திப்பதில்லை. கம்பனோ வீதியில் நடந்து வரும் இராமனையும் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையையும் பார்க்க வைக்கிறான். மணத்துக்கு முந்திய இந்தக் காதலைத் தமிழ் அகமரபு களவு என்று சொல்லும். இதுவும் அவன் புதிதாகக் கண்டதன்று. 'கண்ணொடு கண்இணை கவ்வி' என்று அவன் தொடங்கும் அடியில் முதல் இரு சொற்கள் 1100ஆம் குறளின் முதல் இரு சொற்களே. கண்கள் ஒத்து நோக்கிவிட்டால் வாய்ச்சொற்களால் பயனில்லை என்பது அக்குறள். பேசிக்கொள்ள வழியே இல்லாத இருவரிடம் அதைக் கொண்டுபோய் வைத்ததுதான் கம்பனின் நுட்பம்.

அதன் விளைவு அடுத்த படலங்களிலும் தொடர்கிறது. வலிமையை அளக்கும் சோதனையாக இருந்த வில், சீதையின் உயிரைப் பணயமாகக் கொண்ட ஒன்றாகிவிடுகிறது. வில் முறிந்த செய்தியைத் தோழி நீலமாலை மகிழ்ந்து வந்து சொல்லும்போதும், முறித்தவன் தான் கண்டவன்தானா என்று சீதை தவிக்கிறாள். அவன் அல்லனேல் இறப்பேன் என்று உள்ளத்துள் துணிகிறாள். கதையின் முடிவை முன்பே அறிந்த எனக்கும் அந்த இடத்தில் நெஞ்சு பதறுகிறது.

பிப்ரவரி 6

எல்லா மாற்றங்களும் இப்படி அமைந்துவிடவில்லை. வால்மீகியின் இராவணன் சீதையைக் கூந்தலிலும் தொடையிலும் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணன் அவளைத் தீண்டாமல் நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். அவளுடைய புனிதத்தைக் காக்கும் பக்தி புரிகிறது. ஆனால் அந்தக் கொடுமையின் நேரடித்தன்மை இதில் குறைந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

பிப்ரவரி 9

இரணியன் வதைப் படலம். வால்மீகியில் இப்பகுதி கிடையாது. புராணங்களிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் ஏற்கெனவே வழங்கிய கதையைக் கம்பன் யுத்த காண்டத்துக்குக் கொண்டுவந்து, அண்ணனைத் திருத்த நினைக்கும் வீடணன் வாயில் வைக்கிறான். வரத்தால் செருக்கியவனின் அழிவை வீடணன் எச்சரிக்கையாகச் சொல்கிறான். இராவணன் கேட்டுக்கொண்டதோ வேறு: தந்தையின் மார்பு பிளக்கப்பட்டபோது மகிழ்ந்த மகன் பிரகலாதனுக்கும், பகைவனுக்கு நண்பனாகிய உனக்கும் ஒப்பானவர் பிறர் இல்லை என்று தம்பியைச் சாடுகிறான். காலங்காலமாகப் பக்திக்குச் சான்றாகச் சொல்லப்பட்டு வந்த கதை, அவன் காதில் துரோகத்தின் கதையாக விழுகிறது. வீடணன் இலங்கையை விட்டு வெளியேறுவது இதன் பிறகுதான்.