எடையில் ஏமாற்றுவதைவிடக் கெட்டது

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்துத் தவறுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சாக்கின் அடியில் முற்றின இலையைத் திணித்து, மேலே கொழுந்தைப் பரப்புவார்கள். எடைக்குச் சற்று முன் தண்ணீர் தெளிப்பார்கள். எடை போடுகிறவரும் சளைத்தவர் இல்லை. தொங்கும் சாக்கை முழங்காலால் லேசாகத் தாங்கினாலே எடை குறையும்.

கைமுடையில் ஒருவர் தண்ணீர் தெளித்தால் அது தவறு, ஆனால் கூச்சம் மிச்சமிருக்கும். மாலையில் டீக்கடையில் உட்கார்ந்து, “ரெண்டு கிலோ தண்ணிய இலைன்னு வித்துட்டேன்” என்று சொல்லிச் சிரிக்கிறாரே, அங்கேதான் எனக்குப் பயம். காசு இரண்டாம்பட்சமாகிவிட்டது, ஏமாற்றியதே ருசிக்கிறது. முடைக்காகச் செய்தவர் கையில் காசு வந்தால் நிறுத்தக்கூடும். ருசி கண்டவர் இலைக்கு நல்ல விலை கிடைக்கும் மாதத்திலும் தெளிப்பார். கள்ளாமை அதிகாரத்தில் 284-ஆம் குறள் களவின்மேல் முற்றிப்போன ஆசையைத்தான் சொல்கிறது. அது விளையும்போது தீராத துன்பம் தரும் என்கிறது.

ஈர இலை சாக்குக்குள் சூடேறிச் சிவந்துபோகும். தொழிற்சாலையில் அதை வாட்டி ஈரம் குறைப்பதற்கு நேரம் கூடும், தூளின் தரம் இறங்கும். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். தெளித்த தண்ணீர் ஆவியாகிப் போவதுதான். அந்த நஷ்டம், எடையில் பிடிக்கும் கழிவாக எல்லார் தலையிலும் விழும். அரை ஏக்கர் வைத்துக்கொண்டு, உலர்ந்த இலையாகப் பார்த்துக் கொண்டுவரும் அம்மாவுக்கும் கழிப்பார்கள். சிரிக்கிறவர் கண்ணுக்கு அந்த அம்மா தெரிவதே இல்லை. கூடச் சிரிக்கிறவருக்கும் இதில் பங்கு உண்டு. பக்கத்தில் நிற்கும் பையன் கற்றுக்கொள்வது தண்ணீர் தெளிக்க அல்ல, அதைக் கெட்டிக்காரத்தனமாக நினைக்க.

தராசில் சந்தேகம் இருந்தால் சண்டை வேண்டாம். வெறும் வாளியை எடை போட்டுவிட்டு, அளந்து பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி மறுபடி போடுங்கள். பத்து கிலோ கூட வேண்டும். வெறும் சாக்கையும் தனியாக எடை போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் தெளித்தவர் திரும்பிவர நினைத்தால், அடுத்த எடையில் இரண்டு கிலோ நல்ல கொழுந்தைக் கணக்கில் ஏற்றாமல் கொடுத்துவிடலாம். அதை டீக்கடையில் சொல்ல வேண்டியதில்லை.