சரி, அப்புறம்?

எதற்காக வாழ்கிறோம் என்ற கேள்வி வாழ்க்கையில் அடிபட்டவர்களுக்குத்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய்க்கு அது தீவிரமாக வந்தபோது ஐம்பது வயதை ஒட்டியிருந்தார். அவருடைய ‘போரும் அமைதியும்’ நாவல் 1869-லேயே வந்துவிட்டது, நாடு முழுக்கப் பெயர், நிலபுலன், குடும்பம், நல்ல உடம்பு, எதிலும் குறையில்லை. அப்படிப்பட்டவர் தன்னையே சுட்டுக்கொண்டுவிடுவோமோ என்று பயந்து, வேட்டைக்குத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போவதை நிறுத்திவிட்டார். இன்னும் நிலம் சேர்ந்தால், இன்னும் புகழ் வந்தால், சரி, அப்புறம்? இதுதான் அவரைக் குடைந்தது.

முழு வாழ்க்கையையும் மொத்தமாக முன்னால் வைத்துக் கேட்டால் இதற்குப் பதிலே வராது. எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொரு ‘அப்புறம்’ வந்து நிற்கும். 1945-இல் பாரிஸில் பேசிய பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர், காகிதம் வெட்டும் கத்தியை அதன் பயனை யோசித்துவிட்டுத்தான் செய்கிறார்கள், மனிதன் அப்படியில்லை, முதலில் பிறக்கிறான், பிறகு தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறான் என்றார். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி பெரிய பாரம். எல்லாவற்றையும் நானேதான் உண்டாக்க வேண்டுமென்றால், சோர்ந்துபோய்க் கிடக்கிற நாளில் யார் உண்டாக்குவது?

விக்டர் ஃபிராங்கிள் சொன்னது எனக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர், நாஜி முகாம்களில் பெற்றோரையும் மனைவியையும் சகோதரரையும் பறிகொடுத்துவிட்டு 1945-இல் உயிரோடு வெளியே வந்தவர். நாம் வாழ்க்கையைக் கேள்வி கேட்பதல்ல, வாழ்க்கைதான் ஒவ்வொரு நாளும் நம்மைக் கேட்கிறது என்றார். அவரிடம் ஒரு வயதான மருத்துவர் வந்தார். மனைவி இறந்த துக்கத்திலிருந்து அவரால் மீள முடியவில்லை. “நீங்கள் முதலில் போயிருந்தால்?” என்று மட்டும் கேட்டார் ஃபிராங்கிள். அவள் துடித்துப்போயிருப்பாள் என்றார் வந்தவர். அந்தத் துயரம் அவளுக்கு வராமல் நீங்கள் சுமக்கிறீர்கள் என்று சொன்னதும், அவர் கைகொடுத்துவிட்டு அமைதியாகப் போனாராம். துக்கம் குறையவில்லை, ஆனால் அது யாருக்காக என்று தெரிந்துவிட்டது. இதை வைத்துத் துன்பத்தைப் போற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தவிர்க்க முடிகிற துன்பத்தைத் தவிர்க்கத்தான் வேண்டும் என்று ஃபிராங்கிளே தெளிவாக எழுதியிருக்கிறார்.

இந்த உலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது என்பதற்குப் புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி சொல்லும் காரணமும் இந்தப் பக்கம்தான் வருகிறது: தமக்கென்று முயலாமல் பிறர்க்கென்று முயல்கிறவர்கள் இருப்பதால். அருமையான பாட்டு. ஆனால் யாருக்காகவும் முயல முடியாதபடி படுத்துவிட்டவர்களை எங்கே வைப்பது என்ற கேள்வி என்னை விடவில்லை.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த கடைசி வருடத்தில், இனி நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம் என்று குழறலாகச் சொல்லுவார். மாலையில் நான் செய்தித்தாள் வாசிப்பேன். எங்காவது ஒரு வரி தாண்டிப் போனால் இடது கை விரலைத் தூக்குவார், நான் திரும்பப் போய் அந்த வரியை வாசிக்க வேண்டும். அவர் எனக்கு ஒன்றும் செய்து தரவில்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க, வேலை முடிந்ததும் எங்கே போக வேண்டும், எதற்காகப் போக வேண்டும் என்று எனக்கு ஒருநாள்கூடச் சந்தேகம் வந்ததில்லை. பயன்படுகிறவரைதான் ஓர் உயிருக்கு அர்த்தம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.