வால்டர் மிஷெல் நினைவாக

2018 செப்டம்பர் 12 அன்று தமது 88ஆம் வயதில் மறைந்த உளவியல் ஆய்வாளர் வால்டர் மிஷெலை உலகம் மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற ஒரு மிட்டாய்) சோதனைக்காகவே அறியும். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பத்தோடு அமெரிக்கா சேர்ந்தவர் அவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் நடந்த அந்தச் சோதனையில், கண்முன் இருக்கும் ஒரு மிட்டாயைத் தின்னாமல் பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லக் கேட்ட பிள்ளைகள், கண்ணைப் பொத்திக்கொண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டும் தமக்குத்தாமே பாடிக்கொண்டும் ஆசையை அடக்கப் பட்ட பாட்டை அவர் கூர்ந்து கவனித்தார்.

என் மனம் நிற்பது வேறோர் இடத்தில். அவருடைய மூன்று மகள்களும் அதே பள்ளியில் படித்தவர்கள். அங்கே அவர்களோடு படித்து, சோதனையிலும் பங்கேற்ற தோழர் தோழியர் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பின்னாளில் மகள்களிடம் அவர் விசாரித்த பேச்சிலிருந்துதான், அப்பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராயும் எண்ணமே பிறந்தது. மகள்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட அந்தத் தகப்பனை எண்ணி வணங்குகிறேன்.