அரன்சாஸ் கொக்குகளும் அவற்றின் பின்னால் போகும் பார்ஜும்

டெக்சாஸில் இருந்துகொண்டு, குளிர்காலத்தில் அரன்சாஸ் வனவிலங்குச் சரணாலயத்துப் பக்கம் போகாமல், பறவை பார்க்கிறவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஹூஸ்டனிலிருந்து தென்மேற்கே காரில் மூன்று மணி நேரம். ராக்போர்ட் நெருங்க நெருங்க ஓக் மரங்கள் எல்லாம் கடல்காற்றுக்கு முதுகு காட்டிக் கூனிப்போய் நிற்கும். 2017-ல் ஹார்வி புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். அதையும் தாக்குப்பிடித்த மரங்கள்.

நான் போனது வூப்பிங் கிரேனுக்காக. ஐந்தடி உயரக் கொக்கு. வட அமெரிக்காவில் இதைவிட உயரமான பறவை இல்லை. உடம்பெல்லாம் வெள்ளை, இறக்கை நுனி கறுப்பு, உச்சந்தலையில் சிவப்பு. இவை தங்கும் உப்புச் சதுப்பை 1937-லேயே சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அப்படியும் 1941 குளிர்காலத்தில் இங்கே வந்து சேர்ந்தவை 15, 16 தான். இன்று 550-ஐ ஒட்டி வருகின்றன. கோடையில் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் குஞ்சு பொரித்து, ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து வருகிற கூட்டம் இது. அங்கேதான் கூடு கட்டுகின்றன என்பதே 1954-ல்தான் தெரிந்தது, அதுவும் காட்டுத்தீ பார்க்கப் போன ஹெலிகாப்டரிலிருந்து தற்செயலாக.

சரணாலயத்துக்குள் கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. ஏறிப் பார்த்தால் தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான். படம் வேண்டுமென்றால் ஃபுல்ட்டன் துறையிலிருந்து காலைப் படகு பிடிக்க வேண்டும். எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுவார்கள். தேடிக் கண்டுபிடிக்க அது நல்ல இடம், படமெடுக்க இல்லை. கீழ்த்தளத்தில் நின்றால் லென்ஸ் கொக்கின் கண்மட்டத்துக்கு இறங்கி வரும். கம்பியில் மட்டும் லென்ஸைச் சாய்க்கக் கூடாது, எஞ்சின் அதிர்வு அப்படியே படத்தில் ஏறிவிடும். கையில் பிடித்து, ஷட்டரை வினாடியில் இரண்டாயிரத்தில் ஒன்று அளவுக்கு வைத்துக்கொண்டேன். பழுப்புப் புல்லுக்கு நடுவே வெள்ளைப் பறவை என்பதால் கேமரா புல்லை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பாகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்த பிறகுதான் இறகின் அடுக்குகள் தெரிந்தன.

முதலில் கிடைத்தது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, உடம்பில் செம்பழுப்பு இன்னும் முழுசாகப் போகாத குஞ்சு ஒன்று. ஒவ்வொரு ஜோடியும் சதுப்பில் தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, வருஷா வருஷம் அதே இடத்துக்கு வரும். பெரியதில் ஒன்று தண்ணீருக்குள் அலகை விட்டு ஒரு நீல நண்டைத் தூக்கியது. நண்டு கொடுக்கை விரித்து அலகையே கவ்வப் பார்த்தது. கொக்குக்கு அவசரமே இல்லை. கரையேறி, நண்டைத் தரையில் போட்டு ஒரு கொத்து, மறுபடி தூக்கி ஓர் உதறு. கொடுக்கு ஒரு பக்கம் போய் விழுந்தது. கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மிச்சமிருந்த உடம்பை ஓட்டோடு அப்படியே விழுங்க, நீண்ட கழுத்தில் ஒரு புடைப்பு மெல்ல இறங்கிப் போனதை லென்ஸ் வழியாகவே பார்த்தேன். குஞ்சு பக்கத்தில் வந்து நின்று, உதிர்ந்த கால்களைப் பொறுக்கித் தின்றது.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு பார்ஜ், அதாவது சரக்கு ஏற்றும் தட்டையான பெரிய படகு, வந்தது. 1940-களின் தொடக்கத்தில் இந்தச் சதுப்பின் ஊடாகவே கப்பல் கால்வாய் வெட்டிவிட்டார்கள். பெட்ரோலியமும் ரசாயனமும் ஏற்றிய பார்ஜுகள் கொக்குகளுக்குக் கூப்பிடு தூரத்தில் போய்வருகின்றன. அலை அரித்து அரித்துக் கரை கரைந்ததால், பல இடங்களில் கான்கிரீட் பாய் விரித்திருக்கிறார்கள். கால்வாயில் தோண்டிய மண்ணைக் கொட்டிப் புதுச் சதுப்பும் உண்டாக்கியிருக்கிறார்கள். படகில் இருந்த பெரிய லென்ஸ்காரர்கள் பார்ஜ் போகட்டும் என்று கேமராவை இறக்கிவிட்டார்கள். நான் அப்போதுதான் எடுத்தேன். துருப்பிடித்த இரும்புச் சுவர் சட்டத்தை நிறைக்க, முன்னால் மூன்று கொக்குகள், தலைகூட நிமிர்த்தவில்லை. வீட்டில் படத்தைப் பார்த்த நண்பன், “பின்னாடி இருக்கறதை எடுத்துட்டு வானம் வச்சுடுடா, அள்ளும்” என்றான். அரன்சாஸ் என்றால் எனக்கு அந்த இரும்புச் சுவரும் சேர்ந்ததுதான். இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்தால் ஏதோ ஆளரவமில்லாத ஆதிக்காடு என்று தோன்றும். கொஞ்சம் ஏமாற்று வேலை அது.

உண்மையில் பார்ஜைவிடப் பெரிய கவலை நன்னீர்தான். குவாடலூப், சான் ஆன்டோனியோ ஆறுகளின் தண்ணீர் விரிகுடாவில் கலந்தால்தான் உப்பு மட்டுப்படும், நண்டு பெருகும். 2008-09 வறட்சியில் நண்டு குறைந்து, 23 கொக்குகள் செத்ததாகச் சரணாலயம் கணக்கிட்டது. ஆற்று நீரை மேலேயே எடுத்துக்கொள்ள அனுமதித்ததுதான் காரணம் என்று வழக்குப் போட்டார்கள். 2013-ல் கொக்குகளின் பக்கம் தீர்ப்பு வந்தது, 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. காவிரிப் பஞ்சாயத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை.

மதியம் ஃபெரி ஏறிப் போர்ட் அரன்சாஸ் போனேன். கார் உட்பட இலவசம். அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டி, சுத்திகரித்த தண்ணீர் பாயும் சதுப்பில் மரநடைபாதை போட்டிருக்கிறார்கள். ஊசிவால் வாத்துகள், செந்தலை வாத்துகள், ரோஜா நிறக் கரண்டிவாயன்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பாலத்தடியில் ஒரு முதலையும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் படகுக்குச் செலவழிப்பதைவிட இங்கே ஒரு மாலை நின்றால் நிறையப் படம் கிடைக்கும்.

போக நினைப்பவர்கள் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். மார்ச் கடைசியிலிருந்தே கொக்குகள் வடக்கே கிளம்ப ஆரம்பித்துவிடும். சனி, ஞாயிறு படகுக்கு முன்பதிவு அவசியம். படகில் காற்று ஊசியாய்க் குத்தும், குல்லா மறக்க வேண்டாம்.