கட்ட நோட்டில் போஷ்கோவிச்: இதுவரை

பழைய வாலிபால் மேட்சுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு ஸ்மாஷும் எங்கே கிளம்பி எங்கே விழுகிறது என்று கட்டம் போட்ட நோட்டில் கோடிழுப்பதுதான் இப்போதைய பொழுதுபோக்கு. ஆறு பேரையும் தொடர்ந்தால் ஒரு செட்டுக்கே பொழுது போய்விடும். அதனால் ஒரே ஆள்: செர்பியாவின் தியானா போஷ்கோவிச். 193 செ.மீ. உயரம், இடது கை, ஆப்போசிட்: சுழற்சியில் செட்டருக்கு (அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நேரெதிர் இடத்தில் இருந்து, வலது ஓரத்தில் அடிப்பவர். நம் மைதானங்களில் யுனிவர்சல் என்பார்களே, அந்த இடம்.

எடுத்துக்கொண்ட மேட்ச் 2022 உலக சாம்பியன்ஷிப் ஃபைனல். நெதர்லாந்தின் அபெல்டோர்னில் பிரேசிலை 26-24, 25-22, 25-17 என்று செர்பியா முடித்துவிட்ட ஆட்டம். அந்தத் தொடரில் அவர்கள் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை.

வலது ஓரத்தில் நிற்பவருக்கு செட்டரின் பந்து இடப்பக்கமிருந்து வரும். வலதுகைக்காரர் என்றால் அது உடம்பைத் தாண்டி வரும்வரை பொறுக்க வேண்டும். இவருக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. செட்டர் முன்வரிசைக்கு வந்தால் இவர் பின்வரிசைக்குப் போயாக வேண்டும். அப்போதும் விடுவதில்லை, மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்தே எகிறி அடிக்கிறார். அவற்றுக்கு மட்டும் பச்சை மை. பிளாக்கில், அதாவது வலையோரம் எகிறித் தடுப்பவர்களின் கைகளில், பட்டு வெளியே தெறிப்பவற்றை ஒடிந்த கோடாகப் போடுகிறேன். பிளாக் செய்பவரின் ஓரக் கையைக் குறிவைத்தே அடிக்கிறார் என்பது ஸ்லோமோஷனில்தான் பிடிபடுகிறது.

செட் இழுபறியானால் பந்து யாருக்குப் போகும் என்று அரங்கத்துக்கே தெரியும், எதிரணிக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. இத்தனை ரசிகர்கள் சேர்ந்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான், கோப்பைக் கணக்கு அல்ல.

கோப்பைக்கும் குறைவில்லைதான். 1997-இல் போஸ்னியா-ஹெர்சகோவினாவின் பிலேச்சாவில் பிறந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம். 2017, 2019 ஐரோப்பிய சாம்பியன்ஷிப். 2018, 2022 இரண்டு உலக சாம்பியன்ஷிப்பிலும் தங்கம், இரண்டிலும் தொடரின் சிறந்த வீராங்கனை. ஆனால் 2015-இல் சேர்ந்த இஸ்தான்புல்லின் எஜ்ஸாஜிபாஷி கிளப்பில் பத்து வருடம் ஆடியும் துருக்கி லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2016, 2023 உலக கிளப் சாம்பியன்ஷிப் கிடைத்தது. லீக் மட்டும் வக்கிஃப்பாங்குக்கோ ஃபெனர்பாஹ்ஷேவுக்கோ போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 2025-இல் அதே ஊரின் வக்கிஃப்பாங்குக்கே போய்விட்டார். எஜ்ஸாஜிபாஷி ரசிகர்களின் வயிற்றெரிச்சல் புரிகிறது!

அடுத்து 2018 ஃபைனல். யோகோஹாமாவில் இத்தாலியோடு ஐந்து செட். எதிர்ப்பக்கம் அதே இடத்தில் வலதுகைக்காரர் பாவோலா எகோனு, அரையிறுதியில் சீனாவுக்கு எதிராக 45 புள்ளி எடுத்துவிட்டு வந்தவர். ஒரே தாளில் இருவரையும் வரைந்து பார்க்கப் போகிறேன். எகோனுவுக்குச் சிவப்பு மை.