சொன்னது பொய்யில்லை

"வேண்டாம்னு சொன்னா அவங்க கோவிச்சுக்குவாங்களா, கோச்?"

2016-இல், அமெரிக்காவில் நான் கோச்சாக இருக்கும் சாக்கர் (கால்பந்து) கிளப்பில் ஆடிய, ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பெண் கேட்டது. ஒரு பல்கலைக்கழகம் தங்கள் அணியில் ஆட பாதி ஸ்காலர்ஷிப் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லி, ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றிருந்தது. நான் சொன்னேன்: "கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா அந்த இடம் வேற யாருக்காவது போயிடும்." அடுத்த நாளே சரி சொல்லிவிட்டாள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான 'டிவிஷன் 1'-இல் ஒரு பெண்கள் சாக்கர் அணிக்கு அப்போது மொத்தமே 14 ஸ்காலர்ஷிப், அதைத்தான் இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி கல்லூரிகள் எட்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். விதிப்படி கல்லூரி கோச் அந்த வயதுப் பிள்ளைக்கு ஃபோன் செய்யக்கூடாது, ஆனால் பிள்ளையே கூப்பிட்டு அவர் எடுத்துவிட்டால் தப்பில்லை. அதனால் எங்களை மாதிரி கிளப் கோச்சுகளுக்குத்தான் தகவல் வரும், வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவளைக் கூப்பிடச் சொல்லுங்க என்று. சொல்லுவோம். எல்லா கிளப்பும் சொன்னது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் நஷ்டம், இதை இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன்.

ஆனால் அவள் கேட்டது இடத்தைப் பற்றி இல்லையே. யாரோ ஒரு பெரியவர் வருத்தப்படுவாரா என்று கேட்டாள். அதற்கு "மாட்டாங்க" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த 'ஆனா' யாருக்காக? அவளுக்காக என்றுதான் நினைத்தேன். எந்தப் பெண் எந்தக் கல்லூரிக்கு என்று கிளப் போடுகிற பட்டியலைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் பெற்றோர் ஃபீஸ் கட்ட வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. இன்னொன்றும் தெரியும்: அந்த வாய்வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும்தான். நடுவில் கோச் மாறலாம், முட்டி போகலாம். அதை அவளுடைய அப்பாவிடம் சொன்னேன், அவளிடம் சொல்லவில்லை. பதினாலு வயதுப் பிள்ளையிடம் முட்டி போகும் என்று எப்படிச் சொல்வது?

வேடிக்கை என்னவென்றால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2020-இல் அதே கல்லூரிக்குப் போனாள், நாலு வருஷம் ஆடினாள், பட்டம் வாங்கினாள், இப்போதும் மெசேஜ் அனுப்புகிறாள். காத்திருந்து பார்க்கலாம் என்ற இன்னொரு பெண்ணுக்குத்தான் கடைசியில் எதுவும் கிடைக்கவில்லை. அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே? சரிதான். பின்னே ஏன் அந்தக் கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது என்று தெரியவில்லை.

2019-இல் விதி மாறியது. பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரை பேச்சே கூடாது, பிள்ளை கூப்பிட்டாலும். நல்லதுதான், நானும் கைதட்டினேன். அப்புறம் கல்லூரிகள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பேர் கொடுக்கிற பட்டியலில், இருபது வயதுக்காரர்களை எடுக்க ஆரம்பித்தன, பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் சுருங்கியது, பெற்றோரின் பதற்றம் அப்படியே இருக்கிறது. போன வாரம்கூட ஏழாம் வகுப்புப் பெண்ணின் அம்மா ஒருவர், இப்போதே யாருக்காவது ஈமெயில் போடட்டுமா என்று கேட்டார். போட்டாலும் பதில் வராது என்றேன். "ஆனா பேராவது ஞாபகம் இருக்கும் இல்லையா?" என்றார். இருக்கும் என்றுதான் சொன்னேன், அதுவும் பொய்யில்லை.